பள்ளிக்கரணைக்குத் தவறான பேருந்து வழி: திருத்தக் கோரிப் புகார்

அனுப்புநர்:
கட்டணச் சந்தாதாரர்,
சைதாப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
பேருந்து வழிகாட்டிச் செயலி நிறுவனம்.

பொருள்: பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குச் செயலி காட்டும் தவறான வழி தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் செயலியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம் என்று தேடினால், இடக்குறி தண்ணீருக்கு நடுவில் போய் நிற்கிறது. நேர்கோட்டில் எந்த நிறுத்தம் பக்கம் என்று மட்டும் பார்த்து வழி சொல்கிறீர்கள் போலிருக்கிறது. ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பேருந்தில் ஏறித் துரைப்பாக்கத்தில் இறங்கச் சொல்கிறது செயலி. அப்புறம் "நடந்து செல்லவும்" என்று ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோடு கோரைப்புல்லுக்கும் சேற்றுக்கும் மேலே போகிறது. ஆள் நடக்க அங்கே வழியே கிடையாது.

இதை நம்பித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்மாவையும் அக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு முட்டிவலி. நடை குறைவு என்று செயலி காட்டியதால்தான் வரச் சம்மதித்தார். துரைப்பாக்கத்தில் இறங்கி விசாரித்தால், சதுப்புநிலத்தைப் பார்க்கப் போகும் சூழல் பூங்கா அந்தப் பக்கம் அல்லவா என்றார்கள். கடைசியில் தாம்பரம் போகும் 91-இல் ஏறினோம். நடத்துநர் நல்ல மனிதர், காமாட்சி மருத்துவமனை நிறுத்தம் வந்ததும் மறக்காமல் கூப்பிட்டு இறக்கிவிட்டார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் முக்கியம். பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்ட பூநாரைகள் வெகுதூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. நீலத் தாழைக்கோழிகள் மட்டும் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தன.

சைதாப்பேட்டையிலிருந்து வேளச்சேரி வழியாகத் தாம்பரம் போகும் 51 வரிசைப் பேருந்துகள் இருக்கின்றன. ஒரே பேருந்து, மாற வேண்டியதே இல்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையும் 200 அடி ரேடியல் சாலையும் சந்திக்கும் இடத்தருகே இறங்கினால் வனத்துறையின் சூழல் பூங்கா பக்கம்தான். பறக்கும் ரயிலில் வருகிறவர்களும் வேளச்சேரியில் இறங்கி இதே பேருந்துகளைப் பிடிக்கலாம். இவ்வளவு எளிதான வழியை உங்கள் செயலி கடைசி வாய்ப்பாகக்கூடக் காட்டவில்லை.

இந்த இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் நேர்கோட்டில் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். வடக்கே பெருங்குடி குப்பைக்கிடங்கு இருக்கிறது. ரேடியல் சாலை சதுப்பை ஊடறுத்துப் போகிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம் என்று சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் எல்லாம் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. ஒரு பக்கத்தில் இறங்கியவர் மறுபக்கத்துக்குக் குறுக்கே நடந்துபோய்விட முடியாது. மழைக்காலத்தில் அந்தப் புள்ளிக்கோட்டை நம்பி யாராவது பிள்ளைகளோடு உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று தயவுசெய்து யோசியுங்கள். என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது முக்கியமாக இந்தப் பயம்தான்.

செயலியிலேயே புகார் அனுப்பினேன். "போக்குவரத்து நிலவரம் மாறக்கூடும், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. நிலவரம் எதுவும் மாறவில்லை. சதுப்புநிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. குறி வைத்த இடம்தான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வருகிற பேருந்து சாதாரணமா, டீலக்ஸா என்று உங்கள் செயலி பிரித்துச் சொல்வதில்லை. சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிற வீடுகளில் அது பெரிய விஷயம்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் பள்ளிக்கரணை. சுமார் 1,247 ஹெக்டேர். முன்பு இதைப்போலப் பல மடங்கு பரந்திருந்து, குப்பைக்கும் கட்டடங்களுக்கும் போக மிஞ்சியது இவ்வளவுதான். நகரத்துக்குள் இப்படி ஓர் இடம் இருப்பதைச் சென்னைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கார் வைத்திருப்பவர்கள் எப்படியும் போய்விடுவார்கள். பேருந்தில் போகிறவர்கள்தான் உங்களை நம்புகிறார்கள்.

ஆகவே இடக்குறியைச் சூழல் பூங்கா வாசலுக்கு மாற்றுங்கள். தண்ணீருக்கு மேலே போகும் அந்த நடைவழியை உடனே நீக்குங்கள், அதற்கு மட்டும் அவகாசம் வேண்டாம். நிறுத்தத்தின் பெயரையும் அங்கே வரும் பேருந்து எண்களையும் காமாட்சி மருத்துவமனை பக்கம் போய் ஒருமுறை நேரில் சரிபார்த்துப் போடுங்கள். அந்த மாதச் சந்தாத் தொகையையும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும், கூட்டமும் வரும். அதற்குள் இவற்றைச் செய்து முடித்து, என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் பதில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். செயலித் திரையின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்