பழைய விலங்குப் படங்கள்: வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடலெங்கும் செதில் மூடிய அழுங்கு, தேவாங்கு, பழந்தின்னி வௌவால் என நாம் அரிதாகவே காணும் உயிரினங்களின் பழங்கால அச்சுப் படங்களைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டும் வழக்கம் மும்பையில் பெருகிவருகிறது. சோர் பஜாரின் பழம்பொருள் கடைகளிலும் கொலாபாவின் அலங்காரக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. வாங்குவோரின் ரசனையில் குறை காண ஒன்றுமில்லை. விற்போர் படத்தோடு இணைக்கும் குறிப்புச்சீட்டுதான் கவலை தருகிறது. ‘பழமையானது, அசல்’ என்பதற்கு மேல் அதில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

செம்பூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் அத்தகைய சீட்டை நம்பி அழுங்குப் படமொன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், செதில்கள் நெடுகிலும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக நுண்புள்ளிகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. அது இக்காலப் பொறியில் அடித்த ஆஃப்செட் அச்சு. கல்லின் மேல் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சில் பதித்துக் கையால் வண்ணம் தீட்டிய தாளில் இப்படிப் புள்ளிகள் வரா. கோடுகளில் கல்லின் சொரசொரப்பு தெரியும், வண்ணம் ஆங்காங்கே கோட்டைத் தாண்டியிருக்கும். செப்புத்தகட்டு அச்சானால், தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் விரலுக்கே தட்டுப்படும். நகலை நகலென்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அசல் தாள்களிலும் பல, பழைய நூல்களைப் பிரித்துத் தனித்தனியே விற்கப்படுபவை. ஓரத்தில் தையல் துளைகள் இருந்தால் அதை ஊகித்துக்கொள்ளலாம். எந்த நூல், எந்த ஆண்டு என்பதையும் எழுதாமல் விட்டால் அந்தத் தாளின் வரலாறே அறுந்துபோகிறது. 1515இல் ஜெர்மானிய ஓவியர் டூரர் வெளியிட்ட அச்சுப் படத்தில் உள்ள காண்டாமிருகம், குஜராத் சுல்தான் கொடுத்து லிஸ்பனுக்குக் கப்பலேறிய விலங்கு. டூரர் அதை நேரில் பார்த்ததே இல்லை; அதன் முதுகில் இல்லாத சிறு கொம்பு ஒன்றையும் சேர்த்துவிட்டார். இந்த விவரம் இல்லாமல் அப்படத்தை மாட்டினால், வீட்டுக் குழந்தைகள் அதை உள்ளது உள்ளபடியே என்று நம்பிவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது ஓவியர் பெயர் விடுபடுவது. கல்கத்தாவில் 1777 முதல், அங்கிருந்த ஆங்கிலேயத் தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பே அம்மையாருக்காக விலங்குகளையும் பறவைகளையும் வரைந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரையும் நாம் இன்று அறிவது, அந்த ஓவியங்களிலேயே அவர்கள் பெயர் குறிக்கப்பட்டதால்தான். ஆனால் 1830களில் லண்டனில் வெளிவந்த, கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி தாமஸ் ஹார்ட்விக்கின் இந்திய விலங்கியல் படத்தொகுப்பில், கல்லச்சுக்கு மாற்றிய வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸின் பெயர் நிலைத்துவிட்டது. மூல ஓவியங்களைத் தீட்டிய நம் நாட்டுக் கலைஞர்களில் பெரும்பாலோர் பெயரற்றுப் போனார்கள். தஞ்சை சரபோஜி மன்னர் வரைவித்த உயிரின ஓவியங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றின் நகல்களை விற்போர் தஞ்சாவூர் என்று ஊர்ப்பெயரையாவது போடலாமே!

பொருளைப் பற்றிப் பொய் விவரம் தருவது முறையற்ற வணிகம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே அசலா நகலா, எந்த நூல், எந்த ஆண்டு, வரைந்தவர் யார் என்பவற்றை ரசீதிலேயே எழுதித் தருமாறு வாங்குவோர் கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாட்டுங்கா, மும்பை.