வகுப்பறையைப் பார்க்காதீர்கள், பேராசிரியர் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மேலைநாட்டு உயர்கல்வியில் பாகுபாடு என்றாலே பேச்சு பொறியியலுக்கும் ஆய்வகத்துக்கும்தான் போகிறது. இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற மனிதவியல் துறைகளில் பெண்கள்தானே நிறையப் படிக்கிறார்கள், அங்கே என்ன குறை என்கிறார்கள். படிப்பது சரி, பேராசிரியர் பதவிவரை போகிறவர்கள் எத்தனை பேர்? அதிலும் வெள்ளையரல்லாத பெண்கள் எத்தனை பேர்? அமெரிக்காவில் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் ஜாய்ஸ் மிட்செல் குக், யேல் பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்றதே 1965இல்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தரத் தொடங்கியதே 1948இல்தான்.

பழைய கதை என்பீர்கள். இன்று யாரும் வாசலில் தடுப்பதில்லை, உண்மைதான். ஆனால் எந்தக் குழு அமைத்தாலும் 'ஒரு பெண் வேண்டும், ஒரு கறுப்பினத்தவர் வேண்டும்' என்று அந்த ஒரே ஆசிரியரைத்தான் கூப்பிடுகிறார்கள், மனம் சோர்ந்த மாணவர்களும் அவர் அறைக்குத்தான் வருகிறார்கள், அப்புறம் பதவி உயர்வு என்று வரும்போது மட்டும் எத்தனை நூல், எத்தனை கட்டுரை என்று எண்ணுகிறார்கள். ஐரோப்பிய வரலாற்றை ஆராய்ந்தால் அது 'பொது'வாம், தன் மக்களின் வரலாற்றை ஆராய்ந்தால் 'குறுகிய' தலைப்பாம்! (இதைச் சொல்பவர்கள் தங்களை முற்போக்காளர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.)

இனவாரியாக ஒரு கணக்கு, பாலினவாரியாக ஒரு கணக்கு என்று தனித்தனியாகக் காட்டினால் இரண்டு பக்கமும் அடிபடுகிறவர் எதிலும் தெரியமாட்டார். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இலேயே சுட்டிக்காட்டிய சிக்கல் இது. பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சேர்த்து, துறைவாரியாக, பதவிவாரியாக, ஒப்பந்த ஆசிரியர்களையும் விடாமல் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்