எட்டுச் சொல்வகையும் ஒரு ஃபாஸ்ட் பஸ்ஸும்

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஊசி போட்டும் மாடிப்படி ஏறுகிறாய் என்றால் உனக்கு யார் சொல்லி என்ன! இங்கே இந்தச் சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் காணாது. எங்கள் வாய்க்காலுக்குப் பங்கு இல்லை. வயல் சும்மா கிடப்பதால் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன்.

உன் பேரன் ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகையையும் (நவுன், வேர்ப் என்று வருகிற ‘பார்ட்ஸ் ஒஃப் ஸ்பீச்’) கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறான், வசனத்தைக் கொடுத்தால் முழிக்கிறான் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். ஒப்பிக்கிறதை நிறுத்தச் சொல். போன கிழமை நான் பலகையில் நாலு வசனம் எழுதினேன்: ‘திஸ் இஸ் எ ஃபாஸ்ட் பஸ்’, ‘த பஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்’, ‘வீ ஃபாஸ்ட் ஒன் ஃப்ரைடேஸ்’ (வெள்ளியில் விரதம் இருக்கிறோம்), ‘ஷீ ப்ரோக் ஹேர் ஃபாஸ்ட்’ (அவள் தன் விரதத்தை முடித்தாள்). கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, “சேர், ஒரு சொல்லுக்கு நாலு பேரா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி.

தமிழ்ப் பிள்ளை சொல்லின் வாலைப் பார்த்துப் பழகியது. ‘வேகமான’ என்றால் ஒன்று, ‘வேகமாக’ என்றால் வேறு. ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு அப்படி வால் இல்லை. அது நிற்கிற இடத்தையும் பக்கத்தில் நிற்கிறதையும்தான் பார்க்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், நான் தொல்காப்பியர் வழியில் போகிறேன். சொல் என்றால் பெயரும் வினையும்தான், இடையும் உரியும் அவற்றை ஒட்டி வருவன என்கிறார். ஆங்கில வசனத்துக்கும் அந்த ஒழுங்கு நன்றாகவே பொருந்துகிறது. முதலில் வேர்பை, அதாவது வினைச்சொல்லைப் பிடி. நேற்று, நாளை என்று காலத்தை மாற்றிப் பார்த்தால் எந்தச் சொல் அசைகிறதோ அதுதான் வேர்ப். ‘இஸ்’ ‘வொஸ்’ ஆகும், ‘ரன்ஸ்’ ‘ரான்’ ஆகும், மூன்றாவது வசனத்தில் ‘ஃபாஸ்ட்’ என்பதே ‘ஃபாஸ்டட்’ ஆகிவிடும். கேள்வி கேட்ட பிள்ளைதான் அதைக் கண்டுபிடித்தாள். நாலாவதில் ‘ஹேர்’ முன்னால் நிற்பதால் அது நவுன், பெயர்ச்சொல். மிச்சம் இரண்டில் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேள். பஸ்ஸோடு என்றால் அட்ஜெக்டிவ் (பெயரடை), ஓடுவதோடு என்றால் அட்வேர்ப் (வினையடை).

‘லி’ என்று முடிந்தால் அட்வேர்ப் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். ‘ஃப்ரெண்ட்லி’யும் ‘லவ்லி’யும் அட்ஜெக்டிவ். ‘கோ ஹோம்’ என்பதில் ‘லி’ இல்லாத ‘ஹோம்’ அட்வேர்ப். ‘ஆஃப்டர்’ வந்தால் பின்னால் பார்க்கட்டும்: ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்று பெயர் வந்தால் பிரிப்பொசிஷன் (முன்னிடைச்சொல்), ‘ஆஃப்டர் ஹி லெஃப்ட்’ என்று முழு வசனம் வந்தால் கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்).

அப்புறம், எட்டா ஒன்பதா என்று அவனோடு சண்டை பிடியாதே. எட்டு என்பது கிரேக்க, இலத்தீன் இலக்கணக்காரர் வழியாக வந்த கணக்கு. இப்போதைய புத்தகங்கள் பல ‘எ’, ‘த’ போன்றவற்றை டிட்டர்மினர் என்று தனியாகப் பிரித்து ஒன்பதாக்குகின்றன.

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வருவாய்தானே? முடிந்தால் பேரனையும் கூட்டி வா, பின்னேரம் என் வாங்கில் இருக்கட்டும். வரும்போது உன்னிடம் உள்ள அந்தத் தடித்த ஆங்கில அகராதியைக் கொண்டு வா. இங்கே உள்ளதைக் கறையான் அரித்துவிட்டது.

அன்புடன்,
உன் மச்சான்