தடியைக் கொடுத்துவிட்டுப் போன அண்ணாவுக்கு

பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. மே முடிந்தால் கோவை வெள்ளியங்கிரி மலை ஏற வனத்துறை விடாது என்று போன சனிக்கிழமை இரவு அடிவாரத்துப் பூண்டியிலிருந்து கிளம்பினேன். ஏழு மலையும் ஏறி, விடியும்போது நல்ல தரிசனம். ஆண்டி சுனைத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் உடம்பில் இருக்கிறது.

சோதனை இறங்கும்போதுதான். இரண்டாவது மலைக்கு வருவதற்குள் வலது முழங்கால் மடங்கவே இல்லை. என் மூங்கில் தடியும் பிளந்துவிட்டது. பாறையில் உட்கார்ந்திருந்த என்னிடம் நீங்களாகவே வந்தீர்கள். உங்கள் துண்டைக் கிழித்து முட்டியில் இறுக்கிக் கட்டினீர்கள், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தீர்கள். ஆசிரியர் என்று சொன்னதும், "பைய இறங்கலாங்க வாத்தியாரே, பக்கவாட்டுல காலை வைங்க" என்றீர்கள். முதல் மலையின் செங்குத்தான படிகளில் ஒவ்வொரு படிக்கும் எனக்கு முன்னால் நின்றீர்கள். உங்கள் ஆட்கள் கீழே காத்திருந்தும் அவசரப்படுத்தவில்லை.

அடிவாரத்தில் நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. உங்கள் தடி என்னிடம்தான் இருக்கிறது. கால் இப்போது பரவாயில்லை; திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்கு நடந்தே போவேன்.

ரொம்ப நன்றி அண்ணா.