மதினிக்கு என்ன விலை சொல்ல?

மாப்ளே,

அண்ணாச்சி போன சேதியைப் போனில் சொன்னதோடு சரி, நாலு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டு, திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். அத்தையைக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் போடச் சொல்.

விஷயம் விமானம். நீ கண்ணை இறுக மூடிக்கொண்டு ஹூஸ்டனுக்கே கேட்கும்படி முருகனைக் கூப்பிட்டாயே, அதே 1975 செஸ்னா 172. பாதி அண்ணாச்சியுடையது, பாதி என்னுடையது. காரியம் முடிந்த மறுவாரம் மதினி கூப்பிட்டு, "தம்பி, அவங்க பங்கை நீங்களே எடுத்துக்கிடுங்க. எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

எனக்கு நாக்கு எழவில்லை. பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன், அதன் ஒவ்வொரு திருகும் தெரியும். ஆனால் வாங்கப் போகிறவனே விலை சொல்லலாமா? குறைத்துச் சொன்னால் அண்ணாச்சிக்குத் துரோகம். கூட்டிக் கொடுத்தால் இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்று மதினி மனசு நோகும். பக்கத்து விமானக் கொட்டகைக்காரர் 55,000 டாலர் ரொக்கமாகத் தருகிறேன் என்றார். டாலஸில் இருக்கும் அண்ணாச்சியின் மூத்த மகன் இணையத்தில் பார்த்து 95,000 என்றான். அது கேட்கிற விலை, விற்ற விலை இல்லை என்றேன். "சரி சித்தப்பா" என்றான். அந்த ஒரு 'சரி'யில் என் தூக்கம் போயிற்று.

கடைசியில், விமானங்களை மதிப்பிடுவதே தொழிலாக உள்ள ஒருவரை அழைத்தேன். முதலில் அவர் சொன்னது, கூலி முன்பே பேசியதுதான், மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அதில் சதவீதம் வாங்கக் கூடாது, அது அவர்கள் தொழிலின் விதி என்று. அந்த நிமிஷமே எனக்குப் பாதி பாரம் இறங்கியது. இன்னொன்றும் சொன்னார். மதிப்பு இன்றைய தேதிக்கு இல்லை, அண்ணாச்சி இறந்த தேதிக்கு. அவர் பங்கை மதினி விற்கும்போது வருமான வரிக்கு லாபம் பார்ப்பது அந்த மதிப்பிலிருந்துதானாம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

வந்தவர் விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை மாப்ளே. பழுது, பராமரிப்பு எல்லாம் எழுதி வைக்கும் லாக் புத்தகங்களை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. மூன்று மணி நேரம். 1991இல் புரொப்பெல்லர் தரையில் இடித்ததும், எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததும் அதில் இருக்கிறது. எஞ்சின் செய்த லைகமிங் கம்பெனி 2,000 மணி நேரம் ஓடியதும் முழுசாகப் பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது, நம்முடையது 1,740 ஓடிவிட்டது. அதற்கு ஒரு கழிவு. பிறகு இறக்கைக்கு அடியில் மூடிகளைக் கழற்றி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் விட்டு உள்ளே துருப் பார்த்தார். கடல் காற்று ஆயிற்றே. ஒரு மூடிக்குள் வெள்ளைப் பொடியாக அலுமினியம் அரித்திருந்ததை விரலில் தொட்டு எனக்குக் காட்டினார். அதற்கும் கழிவு. பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்க 2020 முதல் கட்டாயமான, விமானம் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி இருந்ததால் கொஞ்சம் ஏறியது.

இன்னொன்றும் மதிப்பைத் தாங்கியது. எண்ணெய் மாற்றுவதை இங்கே சொந்தக்கார விமானியே செய்து கையெழுத்துப் போடலாம். அண்ணாச்சி ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றி, தேதி, மணி, ஊற்றிய அளவு எல்லாம் அந்த முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். "இப்படி எழுதி வைத்த புத்தகம் அபூர்வம்" என்றார் வந்தவர். நான் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

72,000 என்று எழுதிக் கொடுத்தார், எதனால் என்று பக்கம் பக்கமாகக் காரணத்தோடு. பாதி 36,000. மூத்தவன் முழுசும் படித்துவிட்டுக் கூப்பிட்டான். "சித்தப்பா, அப்பா எழுதின அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?" விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் காப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷம் முன்பு 45,000க்குப் போட்டது, அப்படியே கிடக்கிறது! கோவிட் சமயத்தில் பழைய விமானங்களின் விலை ஏறியதே, அதைக் கவனிக்கவே இல்லை. மோசமாகத் தரையிறங்கி, பழுதுச் செலவு அந்தத் தொகையை நெருங்கினால் போதும், காப்பீட்டுக் கம்பெனி 45,000ஐக் கொடுத்துவிட்டு விமானத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்காகக் கூட்டிப் போட்டாலும் ஆபத்து, நொறுங்கிப்போனதைக்கூட ஒட்டுப்போட்டு நம் தலையில் கட்டுவார்கள். மறுநாளே மாற்றிவிட்டேன். இத்தனை வருஷம் அண்ணாச்சியும் நானும் இதன்மேல் பறந்திருக்கிறோம் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மதினி தை மாசம் ஊருக்கு வருகிறார்கள், வள்ளியூரில் அவர்கள் அண்ணன் வீட்டில்தான் தங்கல். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. நீ ஆகாயத்தில் போட்ட சத்தத்தைக் கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல். அண்ணாச்சி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உன்
பங்காளி