மறக்கப்பட்ட பிளென்ஹைம் விமானிகள்

ஆசிரியருக்கு,

1942 ஏப்ரலில் ஜப்பானியர் இலங்கையைத் தாக்கியது பற்றிப் பேசுவோர், கொழும்புத் துறைமுகத்தையும் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் கப்பலையும் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களை ஏன் விட்டுவிடுகிறோம்?

பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆவது அணியைச் சேர்ந்தவை அவை. இரட்டை எஞ்சின், மூன்று பேர் கொண்ட குழு. ஐரோப்பாவில் அதற்கு முன்பே பெரும் இழப்பைக் கண்ட, வேகம் குறைந்த ரகம். துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூட இல்லாமல், ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களை ஒன்பது பிளென்ஹைம்கள் தாக்கின. குண்டுகள் அகாகி கப்பலுக்கு அருகே கடலில் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஜப்பானியரின் ஜீரோ போர் விமானங்கள் துரத்தின. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை.

இலக்கு தப்பியதால் இதைத் தோல்வி என்று ஒதுக்குவது அநியாயம். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதியின் கப்பல்களை எதிர்பாராத நேரத்தில் நெருங்கிக் குண்டு வீசியவர்கள் இவர்கள். அந்தத் திடலில் இன்று விளையாட்டும் கடைகளும் நடக்கின்றன. அங்கே வருபவர் கண்ணில் படும்படி இவர்களின் பெயர்களைப் பொறித்து வைக்க வேண்டும். வரும் ஏப்ரலில் தங்கள் நாளிதழும் இவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை