மூன்றாம் நாளே யாரேனும் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி விகிதம் குறித்து மே மாதத்திலும், மாணவர் சேர்க்கை குறித்து ஜூன் மாதத்திலும் தங்கள் நாளிதழில் விரிவான செய்திகள் வருகின்றன. சேர்ந்த பிள்ளை அதன்பின் எத்தனை நாள் வகுப்பில் உட்கார்ந்தது என்பதைப் பற்றி மட்டும் ஆண்டு முழுவதும் யாரும் பேசுவதில்லை. வடசென்னையின் மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள். தினமும் 36 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருகை 90 சதவீதம் என்று பதிவாகும். பார்வையிட வரும் அதிகாரியும் திருப்தியோடு போவார். வராத அந்த நான்கு பேர் நாள்தோறும் வேறு வேறு பிள்ளைகளானால் கவலையில்லை. காய்ச்சல் வரும், ஊரில் திருவிழா வரும், தெருவில் ஒரு சாவு விழுந்தால் அன்று அந்தத் தெருப் பிள்ளைகள் யாரும் வரமாட்டார்கள். இவையெல்லாம் வாழ்க்கையில் உள்ளவைதான். ஆனால் குறிப்பிட்ட எட்டுப் பிள்ளைகளே மாற்றி மாற்றி வராமல் இருந்தாலும் பதிவேட்டில் அதே 90 சதவீதம்தான் இருக்கும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களை வகுத்திருக்கிறது. அந்த எட்டுப் பேரும் ஆளுக்கு 110 நாட்களை இழந்திருப்பார்கள், அது எந்த அறிக்கையிலும் தெரியாது.

அமெரிக்கப் பள்ளிகளில், காரணம் எதுவாயினும், பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தவறவிட்ட மாணவரைத் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி நம் நடுநிலைப் பள்ளிகளில் 22 நாட்கள் வராத பிள்ளையே கவனிக்கப்பட வேண்டிய பிள்ளை. நம்மிடமோ 'லாங் ஆப்சென்ட்' என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. தொடர்ந்து பல நாட்கள் வராதவர்களை மட்டுமே அது குறிக்கும். இரண்டு நாள் வந்து மூன்று நாள் நின்றுவிடும் பிள்ளை, திரும்ப வந்த அன்றே அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டுவிடுகிறது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்றபோது தமிழகமே திகைத்தது. ஆசிரியர்கள் திகைக்கவில்லை. தேர்வுக்கு வராதவர்களில் பலர் பெயரளவில் மட்டுமே பதிவேட்டில் இருந்தவர்கள் என்பது பின்னர் வெளிவந்தது.

காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் ஏலத்துக்குப் போகும் தாய் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கூடையோடு புறப்பட்டுவிடுவார். தகப்பன் விசைப்படகில் கடலுக்குள் இருப்பார். வீட்டில் இருக்கும் கைக்குழந்தையையும் அங்கன்வாடிக்குப் போகும் தம்பியையும் பார்த்துக்கொள்வது ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகள்தான். அம்மா வியாபாரத்தை முடித்துத் திரும்பும்போது மணி பத்தாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் மீன் வாங்க நகரமே அங்கு திரள்கிறது. அன்று ஐஸ் உடைக்கவும் பெட்டி சுமக்கவும் மீன் வெட்டவும் ஒத்தாசைக்குப் போகும் பையன்கள் திங்கட்கிழமை எழுந்திருப்பதில்லை. என் வகுப்புகளில் திங்கட்கிழமைகளில் காலியாக இருந்த இடங்கள் பெரும்பாலும் இவர்களுடையவை. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் ஒரு முறை அந்த ஏலக் கூடத்துக்குப் போய் நின்று பார்க்க வேண்டும்.

மற்றக் காரணங்களும் இப்பகுதிக்கே உரியவை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டால் பிள்ளைகளும் நிற்க வேண்டியதுதான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு நல்ல மழைக்கே தண்ணீர் தேங்கிவிடுகிறது. இப்படித் தாமதமாக வந்த பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்திவிட்டு வாயிற்கதவைப் பூட்டிய பள்ளி ஒன்றில் நானே வேலை பார்த்திருக்கிறேன். ஒழுங்கைக் கற்பிக்கிறோம் என்றுதான் அங்கு எல்லோரும் நம்பினோம். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை மூன்றாம் முறை தாமதமாகிவிட்டது என்று தெரிந்தவுடன் பள்ளியின் பக்கமே வராது. அதே பள்ளியில் ஓராண்டு முழுவதும் மாணவிகள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. பெரிய பெண்கள் மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கரையோரக் குடியிருப்புகள் கல்வியாண்டின் நடுவில் அகற்றப்பட்டு, குடும்பங்கள் நகரின் மறுகோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பப்படும்போது பிள்ளைகள் இழக்கும் மாதங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் கணக்கில் மிகக் கெட்டிக்காரனான ஒரு மாணவன் இருந்தான். முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் வராமல் இருந்தான். தீபாவளிக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள். பொங்கல் விடுமுறை முடிந்தபின் அடியோடு வரவில்லை. பிப்ரவரி இறுதியில்தான் நான் அவன் வீட்டைத் தேடிப் போனேன். அதற்குள் அவன் ஓர் இரும்புப் பட்டறையில் சேர்ந்திருந்தான். முன்பணமும் வாங்கியாயிற்று. "கார்த்திகை மாசமே நீங்க வந்து கேட்டிருந்தா நானே இழுத்துட்டு வந்து விட்டிருப்பேன் டீச்சர்" என்றார் அவன் தாய். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அவனுடைய வருகைப் பதிவு முழுவதும் என் கையெழுத்தில்தான் இருந்தது.

ஆகவே நான் முதலாவதாகக் கேட்பது இதுதான். ஒரு பிள்ளை தொடர்ந்தோ விட்டுவிட்டோ ஒரே மாதத்தில் மூன்று நாட்கள் வராவிட்டால், அந்த மூன்றாம் நாள் மாலையே ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவர் மிரட்டுபவராகவோ அபராதம் விதிப்பவராகவோ இருக்கக் கூடாது. 45 பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு செயலியில் விவரங்களையும் பதிவேற்றிக்கொண்டிருக்கும் வகுப்பாசிரியரால் மட்டும் இது முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவர்களில் ஒருவருக்குச் சிறிய ஊக்கத்தொகை கொடுத்து இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்படைக்கலாம். வருகை விவரம் ஏற்கெனவே தினமும் கணினியில் ஏறுகிறது. அதிலிருந்து வகுப்பின் சதவீதத்தை எடுப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பிள்ளையும் இழந்த நாட்களைப் பெயர்வாரியாக எடுத்து மாதந்தோறும் அந்தக் குழுவின் முன் வைத்தால் போதும்.

அடுத்தது உணவு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதே பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான். அவர் பெயரைத் தாங்கிய கல்லூரி எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று வகுக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் திடீரென்று பசி நின்றுவிடுவதில்லை. பள்ளியை விட்டு வேலைக்கு இழுக்கப்படும் வயதும் அதற்குப் பிறகுதான் வருகிறது. மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளிலாவது எட்டாம் வகுப்பு வரை காலை உணவு கிடைக்க வேண்டும். அதோடு, ஏலத்துக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுச் செல்ல, விடியற்காலையிலேயே திறக்கும் குழந்தைகள் காப்பகம் ஒன்று மீன்பிடித் துறைமுகத்தின் அருகிலேயே அமைய வேண்டும். அது வந்தால் எத்தனை அக்காள்கள் பள்ளிக்குத் திரும்புவார்கள் என்பதை ஒரே பருவத்தில் கண்ணால் பார்க்கலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வாங்கிய கடன் சுமையோடு ஜூன் 15 அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. பள்ளி திறந்து சில நாட்களே ஆகியிருக்கும். கோடை விடுமுறையில் வேலைக்குப் பழகிய எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பலர் எங்கள் பகுதியில் சரியாக அந்த வாரத்தில்தான் காணாமல் போகிறார்கள். வரும் கல்வியாண்டில் வீடு தேடிப் போகும் பணியை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடாமல், அந்த ஜூன் 15-ஆம் தேதி வாரத்திலேயே காசிமேட்டிலிருந்து தொடங்குமாறு மாநகராட்சிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.